'சம்டே ஆர் ஒன் டே': குழம்பாமல் பார்க்க ஒரு நோட்டும் பென்சிலும்

தைவானின் 'சம்டே ஆர் ஒன் டே' தொடரை முதல் முறை பார்த்தபோது ஐந்தாம் பகுதியோடு கைவிட்டுவிட்டேன். யார் எங்கே இருக்கிறார், எந்த ஆண்டு என்று ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் முறை நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். மொத்தம் 13 பகுதிகள். 2019 நவம்பர் முதல் 2020 பிப்ரவரி வரை ஒளிபரப்பானவை. நான் நோட்டுப் போட்ட முறையைச் சொல்கிறேன். தொடக்கப் பகுதிகளைத் தாண்டி எந்தக் கதை ரகசியத்தையும் உடைக்கமாட்டேன்.

படி 1: பேனா வேண்டாம், பென்சில்தான். எழுதியதைக் கட்டாயம் அழிக்க நேரும்.

படி 2: முதல் பக்கத்தில் முகங்களை எழுதுங்கள், பெயர்களை அல்ல. கோ ஜியாயென் என்ற ஒரே நடிகைதான் 2019-இல் வேலைக்குப் போகும் யூஷுவானாகவும், 1998-இல் தைனான் நகரத்துப் பள்ளி மாணவி யுன்ருவாகவும் வருகிறார். யூஷுவான் விமான விபத்தில் இழந்த காதலன் சுவான்ஷெங்குக்கும், யுன்ருவின் பள்ளித் தோழன் ஸிவெய்க்கும் ஒரே முகம்: க்ரெக் ஷூ. இவர்களோடு ஸிவெய்யின் உயிர்த்தோழன் ஜுன்ஜியே.

படி 3: இதில்தான் முதலில் கோட்டைவிட்டேன். ஆண்டை மட்டும் குறித்துக்கொண்டு போனேன்; அது போதாது. கூடு விட்டுக் கூடு பாய்வது நமக்கு விக்கிரமாதித்தன் கதை முதலே பழகியதுதானே? இங்கும் பயணம் போவது உடல் அல்ல, உயிர். ஆகவே நான்கு கட்டங்கள் போடுங்கள்: ஆண்டு, உடல், உள்ளே இருப்பவர், எப்படி வந்தார். என் நோட்டின் இரண்டாம் வரி இது:

1998 – யுன்ரு – யூஷுவான் – பஸ்ஸில் வாக்மேன் கேட்டபடி உறக்கம், மருத்துவமனையில் விழிப்பு.

மூன்றாம் கட்டத்தை எப்படி நிரப்புவது? தலையைப் பாருங்கள். யுன்ரு குனிந்த தலையோடு, பேச்சை விழுங்கி விழுங்கிப் பேசுபவள். யூஷுவான் நிமிர்ந்து பார்த்து, பட்டென்று பதில் சொல்பவள். சீருடை ஒன்று, முகம் ஒன்று. ஆனால் வகுப்புக்குள் நுழையும் நடையிலேயே ஆள் மாறியது தெரிந்துவிடும். 2020-இல் தைவானின் தொலைக்காட்சி விருதான கோல்டன் பெல்லில் சிறந்த நடிகை கோ ஜியாயென்தான். கட்டத்தை நிரப்பிக்கொண்டே பார்த்தால் காரணம் புரியும். சந்தேகமாக இருந்தால் கேள்விக்குறி போட்டு நகருங்கள்.

படி 4: பாட்டு ஒலித்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். தைவான் பாடகர் வூ பாய் 1996-இல் வெளியிட்ட 'லாஸ்ட் டான்ஸ்' பாட்டுதான் இங்கே உயிரை ஆண்டு தாண்டிக் கொண்டுபோகும் வாகனம். காதில் வாக்மேனின் ஹெட்ஃபோனை மாட்டியிருப்பவர் யார், கேசட் யார் கையில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பின்னணி இசைதானே என்று சமையலறைக்கு எழுந்து போகாதீர்கள். நான் போய்விட்டு வந்து இருபது நிமிடம் பின்னோக்கி ஓட்டினேன்.

படி 5: தைவானில் 1912-ஐ முதலாம் ஆண்டாக வைத்து எண்ணும் வழக்கம் உண்டு. செய்தித்தாளிலோ படிவத்திலோ 87 என்று கண்டால் 1911-ஐக் கூட்டுங்கள்: 1998.

படி 6: யுன்ருவுக்குத் தீங்கு செய்தது யார் என்ற கேள்விக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். இது காதல் கதை என்று நினைத்து அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டால் பின்பாதியில் திணறுவீர்கள். பெயருக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். நான் முதலில் எழுதிய பெயர் தவறு. காரணம் மட்டும் பாதி சரி.

ஒரு நாளுக்கு இரண்டு பகுதி போதும். கொரியாவில் 2023-இல் 12 பகுதிகளாக இதை மறு ஆக்கம் செய்தார்கள். அதை முதலில் பார்க்காதீர்கள், முடிச்சுகள் அவிழ்ந்துவிடும். 13-ஆம் பகுதி முடிந்ததும் நோட்டை மூடாமல் முதல் பகுதியின் முதல் பத்து நிமிடங்களை மறுபடி ஓடவிடுங்கள். என் நோட்டின் முதல் வரியிலேயே மூன்றாம் கட்டத்தை அழித்து எழுதிய தடம் இருக்கிறது.