பொக்லைன் ஓட்டுபவர்கள் முதுகைக் காத்துக்கொள்ளும் முறை

பொக்லைன் ஓட்டுபவர்களை வாட்டும் முதுகுவலிக்கு, நாள் முழுவதும் இருக்கை வழியாக உடலில் ஏறும் அதிர்வு ஒரு முக்கியக் காரணமாகும். எனவே, வேலையைத் தொடங்கும் முன், இருக்கையிலுள்ள எடைத் திருகை உங்கள் உடல் எடைக்கு ஏற்பத் திருப்பி, கால் மிதியை முழுவதுமாக அழுத்தும்போதும் முதுகு சாய்மானத்தை விட்டு விலகாதபடி இருக்கையை நகர்த்தி அமைத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஷிப்டில் ஓட்டியவர் விட்டுச்சென்ற அமைப்பிலேயே உட்காருவது பெருந்தவறு. மேடுபள்ளமான தரையில் மெதுவாகச் செல்லுங்கள்.

பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திய பிறகே இறங்க வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் குதிக்கவே கூடாது: நெடுநேர அதிர்வில் களைத்த முதுகு அந்த அதிர்ச்சியை எளிதில் தாங்காது என்பதால், இயந்திரத்தைப் பார்த்தபடி திரும்பி, இரு கைகளிலும் இரு கால்களிலும் மூன்றேனும் எப்போதும் கைப்பிடியிலோ படியிலோ ஊன்றியிருக்குமாறு இறங்குங்கள். படியில் சேறு இருந்தால், ஏறும் முன்பே துடைத்துவிடுங்கள்.