ரிப் வெர்ஷன் 1 ரவுட்டர்களுக்கு ஐபி முகவரி பங்கிடும் முறை

பழைய ரவுட்டர்களை மாற்ற வழியில்லை, அவற்றுக்கு ரிப் (ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் புரோட்டோகால்) வெர்ஷன் 1 மட்டும்தான் தெரியும் என்றால், முதல் வேலை தாளில்தான். 1988-ல் ஆர்எஃப்சி 1058 என்ற இணைய ஆவணமாக வந்த இந்த புரோட்டோகால் நெட்வொர்க் எண்ணை மட்டும் பக்கத்து ரவுட்டருக்குச் சொல்லும். முகவரியில் எதுவரை நெட்வொர்க், எது கம்ப்யூட்டர் என்று பிரிக்கும் சப்நெட் மாஸ்க்கைச் சொல்லாது. வாங்கும் ரவுட்டர் தன் இன்டர்ஃபேஸில் (லைன் வந்து சேரும் முனையில்) உள்ள மாஸ்க்கையே அதற்கும் போட்டுக்கொள்ளும். அதனால் எல்லா ஊருக்கும் ஒரே பெரிய நெட்வொர்க், அதற்குள் எங்கும் ஒரே மாஸ்க். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பாளையங்கோட்டையில் தலைமை அலுவலகம். அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூரில் கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். 172.16.0.0 எடுத்து, மாஸ்க் 255.255.255.0 (சுருக்கமாக /24) போடுங்கள். மூன்றாவது எண்ணைப் பார்த்ததும் ஊர் தெரிய வேண்டும்: பாளைக்கு 10 முதல் 19, அம்பைக்கு 20 முதல், தென்காசிக்கு 30, சங்கரன்கோவிலுக்கு 40, வள்ளியூருக்கு 50. ஊர்களை இணைக்கும் லைன்களுக்கு 201-லிருந்து. 0, 255 இரண்டையும் தொடாதீர்கள். பழைய ஐஓஎஸ் (சிஸ்கோ ரவுட்டரின் மென்பொருள்) சப்நெட் ஜீரோவைத் தானாக ஏற்காது. அலுவலகத்துக்குள் 1 ரவுட்டருக்கு, 2–20 சர்வர், பிரிண்டருக்கு, 21–200 கம்ப்யூட்டர்களுக்கு. மீதி இருப்பில் கிடக்கட்டும்.

லைனின் இரு முனைக்கு 254 முகவரி வீண்தானே என்று தோன்றும். வீணாகட்டும். அங்கே 255.255.255.252 போட்டால்தான் சிக்கல்: சிஸ்கோ ரவுட்டர் வேறு மாஸ்க் உள்ள இன்டர்ஃபேஸ் வழியே தன் லேன் (அலுவலகத்துக்குள் உள்ள நெட்வொர்க்) சப்நெட்டைச் சொல்லாது. லைன் அப், எதிர்முனைக்குப் பிங் (சோதனைப் பாக்கெட்) போகும், கிளையின் லேன் மட்டும் வராது. பிழைச் செய்தி ஒன்றும் தோன்றாததால் ஆட்கள் கேபிளைக் குறைசொல்லிப் பொழுதைக் கழிப்பார்கள். முகவரியை மிச்சப்படுத்தியே ஆக வேண்டுமென்றால் சீரியல் லைனில் ஐபி அன்நம்பர்டு (லைனுக்குத் தனி முகவரி இல்லாமல் வேறு இன்டர்ஃபேஸின் முகவரியையே பயன்படுத்துவது) போடலாம்.

லைனுக்கு 192.168 முகவரி போடுவதும் இதே அளவு கெடுதல். 172.16-லிருந்து 192.168-க்கு எல்லை தாண்டும்போது ஒவ்வொரு கிளையும் தன் சப்நெட்டை மறைத்து, "172.16.0.0 என்னிடம்" என்று மொத்தமாகச் சொல்லும். தன்னிடமே 172.16 வைத்திருக்கும் பாளை ரவுட்டர் அதை ஏற்காது. 172.16 இல்லாத ரவுட்டர் நடுவில் இருந்தால் இரண்டு கிளைகள் சொல்லும் வழியும் சமம் என்று எண்ணிப் பாக்கெட்டை மாற்றி மாற்றி அனுப்பும். பிங் ஒன்று விட்டு ஒன்று விழும். வெர்ஷன் 1-ல் இந்தச் சுருக்கலை நிறுத்த வழியில்லை. லைனின் இரு முனைக்கும் 172.16-ல், அதே மாஸ்க்கோடு, செகண்டரி (இரண்டாவது) முகவரி கொடுப்பதே மருந்து.

ரவுட்டரின் கான்ஃபிகில் (அமைப்புகளில்) ரிப்புக்கு நெட்வொர்க் 172.16.0.0 என்று ஒரு வரி போதும், 172.16.10.0 என்று அடித்தாலும் அது சுருங்கிவிடும். லேன் பக்கத்தை பாசிவ் ஆக்குங்கள். இல்லாவிட்டால் 30 நொடிக்கொருமுறை யுடிபி 520-ல் பிராட்காஸ்ட் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போகும். ஆனால் பாசிவ் அனுப்புவதைத்தான் நிறுத்தும், கேட்பதை அல்ல. வெர்ஷன் 1-க்குப் பாஸ்வேர்டு கிடையாது, ஆகவே லேனிலிருந்து வரும் ரூட்டை டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட் (ரூட்டை வடிகட்டும் பட்டியல்) வைத்துத் தடுங்கள்.

ரிப் ஹாப்பைத்தான் (வழியில் எத்தனை ரவுட்டர் என்பதைத்தான்) எண்ணும், வேகத்தைப் பார்க்காது. தென்காசிக்கு நேராக 64 கேபிபிஎஸ் லைனும், அம்பை வழியாக 2 எம்பிபிஎஸ் லைனும் இருந்தால் மெதுவானதையே பிடிக்கும். ஆஃப்செட் லிஸ்ட்டில் (ஹாப் எண்ணிக்கையைக் கூட்டும் கட்டளையில்) நேர் லைனுக்கு 2 கூட்டுங்கள். 1 கூட்டினால் இரண்டும் சமமாகி டிராஃபிக் பிரிந்துவிடும். நல்ல லைன் சத்தமில்லாமல் செத்தால் ரூட் காலாவதியாக 180 நொடி ஆகும். மாற்று வழி உடனே வராததைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

கடைசியில் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஷோ ஐபி ரூட் என்ற கட்டளை போட்டு ரூட் பட்டியலைப் பாருங்கள். ஐந்து லேன், பாளையிலிருந்து நான்கு லைன், அம்பை–தென்காசி லைன் ஒன்று, "172.16.0.0/24 ஈஸ் சப்நெட்டட், 10 சப்நெட்ஸ்" என்று வர வேண்டும். பழைய ஐஓஎஸ்ஸில் "வேரியபிளி சப்நெட்டட்" என்று வந்தால் எங்கோ மாஸ்க் மாறியிருக்கிறது. அந்த வரிக்குக் கீழே /24 அல்லாத ரூட் எது என்று பார்த்து, அந்த இன்டர்ஃபேஸைத் திருத்துங்கள்.