பிரெஞ்சுப் பொன்முலாம் சுவர்விளக்கு: முதலில் முதுகைப் பாருங்கள்

பழைய பிரெஞ்சுச் சுவர்விளக்கு ஒரு ஜோடி விலைக்கு வந்தால் கண் போவது முன்பக்கத்துக்குத்தான். சுருண்ட இலை, பூச்சரம், பொன்னின் பளபளப்பு எல்லாம் அங்கே இருக்கின்றன. போலி செய்பவர் மெனக்கெடுவதும் அந்தப் பக்கத்தில்தான். சுவரோடு ஒட்டி நிற்கும் முதுகை எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை என்பதால், அங்கே செய்தவரின் வேலை மறைவில்லாமல் தெரியும். மேசையில் தடித்த துணியை விரித்து விளக்கைக் குப்புறக் கிடத்துங்கள். டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், காந்தம், மில்லிமீட்டர் அளவுகோல் ஆகிய நான்கும் போதும்.

இவற்றுக்குப் பிரெஞ்சில் 'பிரா த லுமியேர்' என்று பெயர், அதாவது ஒளி ஏந்தும் கை. சுவரில் பதியும் பின்தகடு, அதிலிருந்து கிளைக்கும் ஒன்றோ இரண்டோ மூன்றோ கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் உருகும் மெழுகைத் தாங்கும் தட்டு, அதன்மேல் மெழுகுவர்த்தி செருகும் குப்பி: இவ்வளவுதான் உறுப்புகள். ஒவ்வொன்றையும் மணல் அச்சில் தனித்தனியாக வார்த்து, உளியால் செதுக்கி, பொன் பூசி, திருகாணியால் இணைப்பார்கள். வெண்கலம் என்று அழைத்தாலும், துத்தநாகம் கூடிய அந்தச் செம்புக் கலவை நம் பித்தளைக்குத்தான் நெருக்கம்.

முதுகில் முதலில் பார்க்க வேண்டியது பொன் எங்கே நிற்கிறது என்பதை. 18-ஆம் நூற்றாண்டில் பொன்னைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்ப் பதத்தில் ஒரு கலவை செய்தார்கள். அதை உலோகத்தின் மேல் தடவி நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், பொன் மட்டும் ஒட்டி நிற்கும். பொன் விலை உயர்ந்தது, முதுகோ கண்ணில் படாதது. அதனால் முன்பக்கம் மட்டும் பூசினார்கள். அப்படிப்பட்ட விளக்கின் முதுகு பழுப்பாகவோ கறுத்தோ இருக்கும். விளிம்பை ஒட்டி மட்டும் கலவை வழிந்த பொன் திட்டுகள் தெரியும். மாறாக முதுகு, திருகாணித் துளையின் உட்புறம், தட்டின் அடி எல்லாம் ஒரே சீராகப் பொன்னாக இருந்தால், அது தொட்டியில் முக்கி மின்சாரத்தால் ஏற்றிய முலாம். இங்கிலாந்தின் முலாம் தொழிலதிபர் எல்கிங்டன் அந்த முறைக்குக் காப்புரிமை பெற்றது 1840-இல், பாரிஸின் நகைத் தொழிலதிபர் கிறிஸ்தோஃபில் அதைப் பிரான்சுக்கு வாங்கியது 1842-இல். ஆனாலும் அவசரப்பட வேண்டாம். உண்மையான பழைய விளக்குக்குப் பின்னாளில் மின்முலாம் ஏற்றியிருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டிலும் நல்ல பட்டறைகள் பாதரசப் பூச்சைக் கைவிடவில்லை. பூச்சை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது.

அடுத்தது திருகாணி. ஒன்றைக் கழற்றி லென்ஸில் பாருங்கள். கையால் வெட்டிய மரை சீராக இருக்காது, தலையின் காடியும் நடுவை விட்டு விலகியிருக்கும். ஒரு துளைக்கான திருகாணி இன்னொரு துளையில் ஏறாது. அதனால்தான் செய்தவர்கள் கைக்கும் அது பொருந்தும் இடத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் புள்ளிகளோ வெட்டுகளோ இட்டு வைத்தார்கள். மூன்று புள்ளிக் கை மூன்று புள்ளி இடத்தில் இல்லையென்றால் யாரோ கழற்றி மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். ஒரு திருகாணி புதிதாக இருப்பது குற்றமல்ல. எல்லாமே இயந்திர மரையாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

பின்தகட்டின் ஓரத்தில் கிரீடம் சூடிய 'சி' என்ற எழுத்து மிகச் சிறிதாக அடிக்கப்பட்டிருக்கலாம். செம்புக் கலவைப் பொருள்கள் மீது 1745 மார்ச் முதல் 1749 பிப்ரவரி வரை இருந்த வரியின் முத்திரை அது. அந்த நான்கு ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த பழைய பொருள்களுக்கும் அடித்தார்கள். ஆகவே முத்திரை உண்மையானால், பொருள் 1749-க்குப் பிற்பட்டதல்ல என்பது மட்டும் உறுதி. முத்திரை இல்லாதது ஒரு குறையே அல்ல. கலசமும் ஆட்டுத்தலையும் நேர்கோட்டுப் பூச்சரமும் கொண்ட, பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் பெயரால் வழங்கும் பாணி விளக்கில் அந்த முத்திரை இருந்தால் நம்பாதீர்கள், அந்தப் பாணி வரி நீங்கிய பிறகு வந்தது.

அவருக்கு முந்தைய மன்னர் பதினைந்தாம் லூயி காலத்து விளக்குகளில் இலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். அதன் ஜோடி கண்ணாடிப் பிம்பம் போல எதிர்ப்பக்கம் சாய வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது பிறவி ஜோடி அல்ல, இரண்டு ஜோடிகளிலிருந்து சேர்த்தது. விலை பேசும்போது இதைக் கணக்கில் எடுங்கள்.

பழைய விளக்கையே அச்சாக வைத்து வார்த்த நகல்தான் அதிகம் ஏமாற்றும். உருகிய உலோகம் ஆறும்போது ஏறக்குறைய 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும். மூலம் 40 சென்டிமீட்டர் என்றால் நகல் 6 முதல் 8 மில்லிமீட்டர் குட்டையாக நிற்கும். அருங்காட்சியகங்கள் வெளியிடும் அளவுகளோடு ஒப்பிடுவதன் பயன் இதுதான். நகலில் இலை நரம்புகள் தேய்ந்த சோப்பு போல மழுங்கியிருக்கும். மூலத்தில் நரம்பின் ஓரம் கூர்மையாகவும், இலைப்பரப்பு நுண்ணிய புள்ளிக் குத்தல்களால் மங்கலாகவும், மேடுகள் மட்டும் அகேட் கல்லால் தேய்த்துப் பளபளப்பாகவும் இருக்கும். இந்த மங்கல் பொன்னில் பெயர் பெற்றவர் பாரிஸின் முலாம் கலைஞர் பியேர் கூத்தியேர் (1732–1813). மலிவான நகல்கள் துத்தநாகத்தில் வரும். காந்தம் ஒட்டாது என்பதால் அதை வைத்து இதைப் பிடிக்க முடியாது. முதுகில் மறைவான இடத்தில் லேசாகக் கீறினால் சாம்பல் நிறம் தெரியும். காந்தத்தின் வேலை, பின்னால் நுழைத்த இரும்பு ஒட்டுகளைக் காட்டுவது.

விற்பவர் பெரிய பெயர் சொன்னால் ஆதாரம் கேளுங்கள். வெண்கலம் செய்தவர்கள் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை, பெரும்பாலானோர் இடவும் இல்லை. பாரிஸின் பாலே-ரோயால் அரண்மனைக்காக 1756-இல் அரசவைப் பொற்கொல்லர் பிரான்சுவா-தோமா ஜெர்மேன் செய்து பெயர் பொறித்த நான்கு விளக்குகள் லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அத்தகையவை அபூர்வம்.

இனி சுத்தம் செய்வது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் இங்கே கூடவே கூடாது. பொன் படலம் சில மைக்ரான் தடிமன்தான். புளி, எலுமிச்சை, பித்தளைப் பாலிஷ் எதுவானாலும் பொன் தேய்ந்து அடியில் உள்ள பித்தளை எட்டிப் பார்க்கும், பிறகு அதைத் திருப்ப வழியில்லை. அமோனியாவும் வேண்டாம், அது பொன்னின் நுண்துளை வழியே இறங்கிச் செம்பை அரிக்கும். கழற்றுமுன் எல்லாப் பக்கமும் படமெடுத்து, ஒவ்வொரு திருகாணியையும் எண்ணிட்ட உறையில் போடுங்கள். இறுகியதை முறுக்காதீர்கள், ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் பொறுங்கள். மெழுகை வெந்நீரில் இளக்கி மூங்கில் குச்சியால் எடுங்கள், உலோக முனை வேண்டாம். பிறகு ஒரு லிட்டர் வாலை வடிநீரில் மென்மையான சோப்புத் திரவம் ஐந்தாறு சொட்டு கலந்து, மென்மயிர்த் தூரிகையால் ஒத்தியெடுத்து, வெறும் வடிநீரில் அலசி, உடனே துடைத்து உலர்த்துங்கள். அதற்கு முன் ஓரிடத்தில் பஞ்சால் சோதியுங்கள். பஞ்சில் மஞ்சள் ஒட்டினால் அது பொன் அல்ல, பொன்னிற வார்னிஷ். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உடைந்த கையைப் பற்றவைக்க எவரிடமும் கொடுக்காதீர்கள். பழைய பூச்சில் எஞ்சியிருக்கும் பாதரசம் சூட்டில் ஆவியாகும். அந்த ஆவிதான் முலாம் பூசியவர்களின் கைகால்களை நடுங்கவைத்து உயிரைக் குடித்தது. வெண்கலத் தொழில் நடத்திய ராவ்ரியோ 1814-இல் இறந்தபோது, அவர்களைக் காக்க வழி காண்பவருக்கு 3,000 பிராங்கு பரிசு எழுதிவைத்தார். புகையை இழுத்து வெளியேற்றும் அடுப்பை அமைத்த வேதியியலாளர் தார்சே அதை 1818-இல் பெற்றார்.

மின்சாரம் வேண்டுமென்றால் கையில் துளை போடாதீர்கள், மதிப்பு சட்டென்று இறங்கும். பொன்னிற நூலுறை போர்த்திய மெல்லிய வயரைக் கையின் அடிப்பக்கமாக ஓட்டி நூலால் கட்டுங்கள். உலோக உடல் என்பதால் எர்த் கட்டாயம், அதை ஏற்கெனவே உள்ள துளையில் பூட்டச் சொல்லுங்கள். 2 வாட், 2,200 கெல்வின் எல்இடி மெழுகுவர்த்தியின் நிறத்துக்கு நெருங்கி வரும், சூடும் குறைவு. ஏற்கெனவே துளையிட்ட விளக்கானால் பழைய வயரை முழுவதும் மாற்றுங்கள், துளையின் கூரான விளிம்பில் உறை கிழிந்து மின்சாரம் கசியும்.

மாட்டுமுன் எடை பாருங்கள். இரண்டு கை விளக்கே பல கிலோ வரும், மரச் சக்கையில் அடித்த ஆணி தாங்காது. பாரிஸில் இவற்றைக் கணப்படுப்பின் மேலுள்ள கண்ணாடிக்கு இருபுறமும் மாட்டினார்கள். கண்ணாடி ஒளியை இரட்டிப்பாக்கும் என்பதற்காகவே அந்த இடம். உங்கள் வீட்டிலும் கண்ணாடி இருக்கும் சுவரைத் தேர்ந்தெடுங்கள். சுவர் ஈரம் இழுப்பதானால் தகட்டுக்குப் பின்னால் மெல்லிய கார்க் துண்டு வைத்து இடைவெளி விடுங்கள், பச்சைக் களிம்பு முதுகிலிருந்துதான் தொடங்கும்.