பனியில் வழி அடைபட்டால் ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

டர்பனுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்களுக்காக இது. ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலை, குளிர் அதிகமானால் வான் ரீனன் கணவாயில் பனியால் மூடப்படுவதுண்டு. 2024 செப்டம்பரில் ஏகப்பட்ட வண்டிகள் இரவெல்லாம் அங்கேயே சிக்கி நின்றன.

அப்படி மாட்டிக்கொண்டால் மேலாளருக்கு 'ஐ ஆம் ஸ்னோட் அண்டர்' என்று அனுப்பிவிடாதீர்கள். தலைக்கு மேல் வேலை கிடக்கிறது என்றுதான் அவர் புரிந்துகொள்வார். நீங்கள் வழியில் நடுங்கிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. தங்கிய இடத்தைவிட்டு வெளியே வர முடியவில்லையா, 'ஸ்னோட் இன்'. நடுவழியில் வண்டியோடு நின்றுவிட்டீர்களா, 'ஸ்டக் இன் த ஸ்னோ'. கூடவே கணவாய் மூடியிருக்கிறது என்பதற்கு 'த பாஸ் இஸ் க்ளோஸ்ட்' என்று சேர்த்துவிடுங்கள், விஷயம் தெளிவாகிவிடும்.

மூடுபனியால் விமானம் கிளம்பாவிட்டால் 'ஃபாக்பவுண்ட்'. வேறு எந்தக் காரணமானாலும் 'கிரவுண்டட்' போதும். 'ரெயின்ட் ஆஃப்' மழையால் நின்றுபோகும் கிங்ஸ்மீட் மைதானத்து கிரிக்கெட் ஆட்டத்துக்குச் சரி, பயணத்துக்கு ஒட்டாது. அப்புறம், 'அண்டர் த வெதர்' பக்கமே போகாதீர்கள். அதில் வானிலை பெயரளவுக்குத்தான். உடம்பு சரியில்லை என்று நினைத்துப் பதறி உங்களுக்கு ஃபோன் போடுவார்கள்.