இலவச சிந்த், இலவச பிளக்இன்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், டெக்ஸ்ட் (Dexed), டால் நாய்ஸ்மேக்கர், வல்ஹல்லா சூப்பர்மாசிவ், டிடிஆர் நோவா. எல்லாமே இசை மென்பொருளுக்குள் செருகி ஓட்டும் பிளக்இன்கள். முதல் நான்கும் ஒலியை உருவாக்கும் சிந்த்கள், சூப்பர்மாசிவ் நீண்ட எதிரொலி தரும் ரிவர்ப், நோவா ஈக்யூ. இந்த ஆறையும் இறக்கி வைத்துக்கொண்டால் ஒரு குறும்படத்தின் பின்னணி இசையைப் பிளக்இன்னுக்கென்று ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் முடித்துவிடலாம். தரத்தில் குறை சொல்ல இடமில்லை. 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7-ன் ஆறு ஆபரேட்டர்களும் 32 அல்காரிதங்களும் டெக்ஸ்டில் இருக்கின்றன. சர்ஜ், ஒரு காலத்தில் காசுக்கு விற்ற சிந்த். எழுதியவரே 2018-ல் அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்தார்.

ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் முன்பு வந்தவர்கள் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். கிராக் பதிப்பு வேண்டாம், ஒரே நாளில் இருநூறு பிளக்இன் இறக்க வேண்டாம் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. இங்கே மற்றவை.

பாஸில் யூனிசன்

ஒரே நோட்டைச் சுருதி சற்றே விலகிய (டீட்யூன்) பல குரல்களில் ஒலிக்க வைப்பது யூனிசன். பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி), லீட் (முன்னணி மெட்டு) இரண்டிலும் அதைக் கூட்டினால் சத்தம் அகன்று பெரிதாகிறது. அதே ஆசையில் பாஸிலும் (அடித்தளமான கீழ் ஒலி) கூட்டுகிறார்கள். வைட்டலில் ஒரு ஆசிலேட்டருக்கு (அலையை உருவாக்கும் பகுதி) 16 குரல் வரை வைக்கலாம், அந்த எண்ணைப் பார்த்ததும் கை சும்மா இருப்பதில்லை.

55 ஹெர்ட்ஸில் ஒரு பாஸ் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குரல்களுக்கு நடுவே 10 சென்ட் (ஒரு செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) டீட்யூன் என்றால் வித்தியாசம் சுமார் 0.32 ஹெர்ட்ஸ். அதாவது மூன்று விநாடிக்கு ஒருமுறை இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல்கள் எந்த ஃபேஸில் (அலையின் எந்த இடத்தில்) தொடங்குகின்றன என்பதும் ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஒரு நோட்டு நெஞ்சில் இடிக்கும், அடுத்தது காணாமல் போகும். இதைச் சரிசெய்ய, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸரைப் போடுகிறார்கள். இல்லாத அடித்தளத்தைக் கம்ப்ரஸர் கொண்டுவராது.

பாஸுக்கு யூனிசன் 1. ஆசிலேட்டரின் ஃபேஸ் ரேண்டம் 0 சதவீதம். கனம் போதவில்லை என்றால் இரண்டாவது ஆசிலேட்டரை ஒரு ஸ்தாயி மேலே வைத்து, அதற்கு மட்டும் யூனிசன் கொடுத்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பிரீசெட்டோடு வரும் கோரஸையும் ரிவர்பையும் பாஸில் அணைத்துவிட்டு, மாஸ்டரை (எல்லா டிராக்கும் சேரும் கடைசி டிராக்) மோனோவாக்கி ஒருமுறை கேளுங்கள். இன்னொரு கணக்கு: மூன்று ஆசிலேட்டர், ஒவ்வொன்றிலும் 16 குரல், ஆறு நோட்டு கார்ட் என்றால் ஒரே நேரத்தில் 288 அலைகள். லேப்டாப் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், ரேம் இல்லை.

பஃபரைக் குறைத்தும் தாமதம் போகவில்லை

கம்ப்யூட்டர் ஒலியை ஒரு தவணையில் எவ்வளவு சேர்த்து அனுப்புகிறது என்பதே பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லிவிநாடி தாமதம், 1024 என்றால் 21.3. இதன்மேல் டிரைவரின் தாமதமும் சேரும். 128-க்கு இறக்கிய பிறகும் கீபோர்டு பின்தங்கினால் மாஸ்டர் டிராக்கைப் பாருங்கள். லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ, லுக்அஹெட் உள்ள (வரும் ஒலியை முன்கூட்டியே பார்க்கும்) லிமிட்டரோ உட்கார்ந்திருக்கும். அதன் தாமதத்துக்கு ஈடுகட்ட மென்பொருள் மற்ற டிராக்குகளையும் காக்க வைக்கிறது. வெறும் பைபாஸ் பல மென்பொருள்களில் அந்தத் தாமதத்தை நீக்காது. பிளக்இன்னைக் கழற்றுங்கள், ரீப்பரில் என்றால் ஆஃப்லைன் ஆக்குங்கள். விண்டோஸில் ஆடியோ இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் ஏஸியோ டிரைவர் (தாமதம் குறைந்த ஒலி டிரைவர்) இருக்கும்போது, எல்லா கருவிக்கும் பொதுவான ஏஸியோ4ஆல் எதற்கு?

புராஜெக்ட் ஃபைலுக்குள் பாட்டு இருக்கிறது என்று நம்புவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற, கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிற தவறு இது. மற்றவை ஒரு மாலை நேரத்தை வீணாக்கும். இது ஒரு முழு வேலையையே விழுங்கும்.

வழக்கமாக நடப்பது இப்படி. குறும்படம் முடிந்து, மிக்ஸ் அனுப்பி, எல்லோரும் கைகுலுக்கிவிடுகிறார்கள். ஒன்றரை வருடம் கழித்து இயக்குநர் கூப்பிடுகிறார்: "தம்பி, கிளைமாக்ஸ் 40 விநாடி கூடியிருக்கு, அந்த பிஜிஎம் மட்டும் கொஞ்சம் நீட்டிக் குடுங்க." இதற்குள் கம்ப்யூட்டர் மாறியிருக்கிறது. புராஜெக்டைத் திறந்தால் ஏழு பிளக்இன் காணவில்லை. அவற்றில் கிடைப்பதைப் புதிதாக இறக்கிப் போட்டாலும் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது. அந்த பேட் எந்த பிரீசெட், எவ்வளவு மாற்றியது என்று யாருக்கும் நினைவில்லை.

புராஜெக்ட் ஃபைலில் ஒலி இருப்பதில்லை. நோட்டுகள், ஆட்டோமேஷன், எந்த பிளக்இன் என்கிற அடையாள எண், அதன் அமைப்புகள் என்று ஒரு மூட்டை எண்கள். சிந்த் டிராக்கைப் பொறுத்தவரை அவ்வளவுதான். பிளக்இன்களின் பழைய வடிவமான விஎஸ்டி2-ல் அந்த அடையாளம் 4 பைட், புதிய வடிவமான விஎஸ்டி3-ல் 16 பைட். ஒரே சிந்த், ஒரே பெயர் என்றாலும், தயாரித்தவர் தனியாக இணைப்புக் கொடுக்காவிட்டால் இரண்டும் மென்பொருளின் கண்ணுக்கு வேறு வேறு கருவிகள். விஎஸ்டியை உருவாக்கிய ஸ்டைன்பர்க் நிறுவனம் 2018-லேயே புதியவர்களுக்கு விஎஸ்டி2 உரிமம் தருவதை நிறுத்திவிட்டது. 2019-ல் மேக் கேட்டலினா வந்தபோது 32 பிட் பிளக்இன்களுக்கு அங்கே இடமில்லாமல் போனது. பழைய சர்ஜில் செய்த புராஜெக்ட், 2022-ல் வந்த சர்ஜ் எக்ஸ்டியைத் தானாக எடுத்துக்கொள்ளாது. பிரீசெட்டைத் தனியாகச் சேமித்திருந்தால் எக்ஸ்டியில் திறக்கலாம், இல்லையென்றால் பழையதையே தேடி நிறுவ வேண்டும். காசு வாங்கிய நிறுவனத்திடம் சண்டையாவது போடலாம். ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் எழுதிக் கொடுத்த சிந்துக்கு அடுத்த பதிப்பு வராமல் போனால் யாரிடம் கேட்பது?

சாம்பிள் பிளேயர்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. டிசென்ட் சாம்ப்ளரோ ஸ்ஃபோர்சாண்டோவோ, ஒலிக்கோப்புகள் எந்த டிரைவில் எந்த ஃபோல்டரில் இருந்தன என்பதைத்தான் நினைவில் வைத்திருக்கும். வெளி ஹார்டு டிஸ்கின் எழுத்து 'டி'யிலிருந்து 'ஈ'க்கு மாறினாலே பியானோ ஊமையாகிவிடும்.

ஆகவே பாட்டு ஒரு வடிவத்துக்கு வந்ததும், மிக்ஸ் தொடங்குவதற்கு முன்பே, ஒவ்வொரு டிராக்கையும் வேவ் கோப்பாக பவுன்ஸ் செய்யுங்கள். எல்லாம் ஒரே புள்ளியில், முதல் பாரின் முதல் அடியில் தொடங்க வேண்டும். பாஸ் டிராக் 30-வது பாரில்தான் வருகிறது என்றாலும் அதற்கு முன்னால் உள்ள மௌனத்தையும் சேர்த்தே எடுங்கள். 24 பிட், செஷனின் சாம்பிள் ரேட், நார்மலைஸ் அணைத்து. முடிவில் 10 விநாடி வால் விடுங்கள். சூப்பர்மாசிவ் போட்ட டிராக் என்றால் சத்தம் முழுக்க அடங்கும்வரை.

மாஸ்டரில் உள்ள அனைத்தையும் முதலில் கழற்றுங்கள். லிமிட்டர் போட்டபடி ஒவ்வொரு ஸ்டெம்மாக (தனித்தனி டிராக்கின் வேவ் கோப்பாக) எடுத்தால், தனி டிராக்குக்கு அது வேறு மாதிரி வேலை செய்யும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்தாலும் பழைய மிக்ஸ் கிடைக்காது. சைட்செயின் இருந்தால் கூடுதல் கவனம் தேவை: கிக் அடிக்கும்போது பேட் அமுங்க வேண்டும் என்று வைத்திருப்பீர்கள், பேடை மட்டும் சோலோவில் எடுத்தால் சில மென்பொருள்களில் கிக் போய்ச் சேராது, பேட் அமுங்காமல் பதிவாகிவிடும். எடுத்த கோப்பை ஒருமுறை காதால் கேளுங்கள்.

ரிவர்ப், டிலே உள்ள டிராக்குகளை இரண்டு முறை எடுங்கள், எஃபெக்ட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. அந்த 40 விநாடியை நீட்டும்போது எஃபெக்ட் இல்லாததை வெட்டி ஒட்டுவதுதான் சுலபம்.

இடம் அடைக்குமே என்பார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ நிமிடத்துக்கு 17.3 எம்பி. நான்கு நிமிடப் பாட்டில் ஒரு டிராக் 69 எம்பி, இருபது டிராக் சுமார் 1.4 ஜிபி. ஒரு பென் டிரைவில் பத்துப் பாட்டு நிற்கும்.

ஃப்ரீஸ் (டிராக்கைத் தற்காலிகமாக ஒலியாக மாற்றி வைப்பது) செய்திருக்கிறேனே என்பது அடுத்த பதில். ஃப்ரீஸ் கோப்புகள் அந்த மென்பொருளின் வசதிக்காக உள்ளே ஒளித்து வைக்கப்படுபவை. பெயரைப் பார்த்து எது எந்த டிராக் என்று கண்டுபிடிக்க முடியாது. தேவையற்ற கோப்புகளை நீக்கு என்று ஒரு பட்டனைத் தட்டும்போது சில மென்பொருள்களில் அவையும் போய்விடும்.

பவுன்ஸை மிக்ஸுக்கு முன்பே செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பல சிந்த்களில் எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாக அசைக்கும் அலை) தன்போக்கில் ஓடுகிறது, ஃபேஸ் ஒவ்வொரு நோட்டுக்கும் மாறுகிறது. இன்று இயக்குநர் கேட்டுத் தலையாட்டிய அந்த பேடின் அசைவு நாளை எடுக்கும் ரெண்டரில் அப்படியே வராது. வேவ் கோப்பிலிருந்து மிக்ஸ் செய்தால் அவர் கேட்டதுதான் கடைசிவரை இருக்கும்.

அதே ஃபோல்டரில் டெம்போவோடு கூடிய மிடி கோப்பு (ஒலி இல்லாமல் நோட்டுகள் மட்டும்), ஒவ்வொரு சிந்திலும் தனியாகச் சேமித்த பிரீசெட், பதிப்பு எண்ணோடு இன்ஸ்டாலர் மூன்றையும் போடுங்கள். "இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்" என்பது இன்ஸ்டாலர் விஷயத்தில் நடக்காது. தளத்தில் இருப்பது புதிய பதிப்பாகத்தான் இருக்கும். ஸ்டெம்மின் பெயரில் டிராக், பிபிஎம், சுருதி மூன்றும் இருக்கட்டும்.

32 பிட் பிளக்இன்

புதிய வேலையில் சேர்க்காதீர்கள்.

கமகத்துக்கு பிட்ச் பெண்ட்

நம் ஊர்க்காரர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் இடம். ஒலிக்கும் நோட்டின் சுருதியை மேலும் கீழும் வளைப்பதுதான் பிட்ச் பெண்ட். பெரும்பாலான சிந்த்களில் பெண்ட் எல்லை மேலே 2, கீழே 2 செமிடோன் என்றுதான் வருகிறது. ஸவிலிருந்து பவுக்கு ஒரு ஜாரு (வழுக்கல்) போக 7 செமிடோன் வேண்டும், ஆகவே 12-க்கு மாற்றுகிறார்கள். மாற்றுவதில் தவறில்லை, பாதி வரைந்தபின் மாற்றுவதுதான் தவறு. 2-க்கு வரைந்த அசைவு ஒவ்வொன்றும் ஆறு மடங்காகிவிடும். அதே மிடியை இன்னொரு சிந்துக்கு நகலெடுத்தாலும் இதே கதைதான். முதல் நோட்டுக்கு முன்பே எல்லையை முடிவு செய்து டிராக்கின் பெயரில் எழுதிவிடுங்கள்.

மிடி பெண்டுக்கு ஒரு பக்கம் 8192 படிகள் உண்டு, 12 செமிடோனுக்கும் அது தாராளம். ஆனால் சில மலிவான கீபோர்டுகளின் வீல் ஒரு பக்கத்துக்கு 64 படிகள் மட்டுமே அனுப்பும். 12 செமிடோனில் ஒரு படி 18.75 சென்ட், கமகம் படிக்கட்டில் இறங்குவது போலக் கேட்கும். அப்படியானால் மவுஸால் வரைவதே மேல்.

பெண்ட் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லா நோட்டையும் வளைக்கும். சுருதியை அதே சிந்தில் பிடித்துக்கொண்டு ராகம் வாசித்தால் சுருதியும் சேர்ந்து ஆடும். அதற்குத் தனி டிராக். அடுத்த நோட்டுக்காகப் பெண்டைச் சட்டென்று நடுவுக்குக் கொண்டுவந்தால், இன்னும் அடங்காத முந்தைய நோட்டின் ரிலீஸ் 'கீச்' என்று வழுக்கும். ரிலீஸைக் குறையுங்கள், அல்லது சிந்தை மோனோவில் வையுங்கள். சர்ஜ் எக்ஸ்டியில் மோனோ எஸ்டி இதற்குச் சரியாக வரும்.

சர்ஜில் ஸ்காலா டியூனிங் கோப்புகளை ஏற்றலாம் என்று தெரிந்ததும் 22 சுருதிக் கோப்பைத் தேடி ஓடுகிறார்கள். அது நிற்கும் ஸ்வரத்தைத்தான் திருத்தும், அசைவைக் கொடுக்காது. ஒரே ஒரு சிந்தில் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசம்: இயற்கை அந்தர காந்தாரம் 386 சென்ட், மற்ற டிராக்குகளின் காந்தாரம் 400. அந்த 14 சென்ட் உரசல் பாட்டு முழுக்க இருக்கும்.

சாம்பிள் ரேட்

படத்துக்கென்றால் 48 கிலோஹெர்ட்ஸ். ஒரு நோட்டு வாசிப்பதற்கு முன்பே அப்படி அமைத்துவிடுங்கள்.

சத்தமான பிரீசெட்தான் நல்ல பிரீசெட்

இல்லை. ஃபேடரைச் சமமாக்கிவிட்டு மறுபடி கேளுங்கள்.

இலவசம் என்றால் எதற்கும் பயன்படுத்தலாம்

இரண்டு பக்கமும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சர்ஜ் எக்ஸ்டி ஜிபிஎல் என்ற திறந்த மூலநிரல் உரிமத்தில் வருகிறது, அதனால் அதில் செய்த பாட்டையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த உரிமம் நிரலுக்கு, பாட்டு உங்களுடையது.

பயப்பட வேண்டிய இடம் சாம்பிள்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் என்சி (வணிகமற்ற பயன்பாடு மட்டும்) என்று போட்டிருந்தால் சம்பளம் வாங்கும் வேலையில் அது கூடாது. பிஒய் என்றால் டைட்டிலிலோ விவரத்திலோ பெயர் போட வேண்டும். சிசி0 மட்டும் கேள்வி கேட்காது. இறக்கிய அன்றே உரிமப் பக்கத்தை ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சாம்பிள் ஃபோல்டரில் போட்டு வைத்தால் பின்னால் வாதாட கையில் ஏதாவது இருக்கும்.

பாட்டை விநியோகத் தளத்தில் ஏற்றும்போது யூடியூப் கன்டென்ட் ஐடி (பிறர் வீடியோவில் உங்கள் ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) வேண்டுமா என்றொரு பெட்டி வரும். எல்லோருக்கும் கிடைக்கும் இலவச லூப்பை அப்படியே வைத்திருக்கும் பாட்டுக்கு அதைத் தட்டக் கூடாது. கன்டென்ட் ஐடி தனி உரிமை உள்ள ஒலிக்கு மட்டும். தட்டினால் அதே லூப்பைப் பயன்படுத்திய முன்பின் தெரியாத ஒருவரின் வீடியோவுக்கு உங்கள் பெயரில் கிளெய்ம் போகும், அவர் மறுத்தால் சங்கடம் உங்களுக்கு. சிந்தில் நீங்களே வாசித்த நோட்டுகளுக்கு, அது ஃபேக்டரி பிரீசெட்டாகவே இருந்தாலும், இந்தத் தொல்லை இல்லை.