தொடக்கப் பள்ளியில் ஆண்டு இறுதி: நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

கல்வியாண்டு முடியும் வாரங்களில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தால், பாடம் நடக்கும் ஓசையைவிட ஒத்திகையின் ஓசையே அதிகம் கேட்கும். ஒரு வகுப்பில் நடனப் பயிற்சி நடக்கும். இன்னொன்றில் சான்றிதழ்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருப்பார்கள். வராந்தாவில் கண்காட்சிக்காக மேசைகள் இழுபடும். தலைமையாசிரியர் அறையில் ஆண்டறிக்கை மூன்றாவது முறையாகத் திருத்தப்படும். சிறு வகுப்புகளில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்ற முறையில் இந்தப் பரபரப்பை நான் விரும்புகிறேன். ஆனால் இந்த உழைப்பு முழுவதும் வந்து அமரும் பெரியவர்களுக்குப் பள்ளியைக் காட்டுவதற்காகவே செலவாகி, ஒரு குழந்தை தான் இந்த ஓராண்டில் எவ்வளவு வளர்ந்திருக்கிறோம் என்பதைத் தானே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு நழுவிப்போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மறதியிலிருந்து கிளைத்தவையே.

அவற்றுள் முதன்மையானது, ஆண்டு இறுதி வேலையை ஆண்டு இறுதியில் தொடங்குவது. கடைசி மாதத்தில் சாதனைகளைத் தொகுக்க உட்கார்ந்தால் கையில் கிடைப்பவை மதிப்பெண் பட்டியலும் வருகைப் பதிவேடும் போட்டிகளில் வாங்கிய கோப்பைகளும்தான். எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறியவன் எந்த மாதத்தில் தடையின்றி வாசிக்கத் தொடங்கினான், கழித்தலில் கடன் வாங்குவது யாருக்கு எப்போது பிடிபட்டது, முதல் பருவத்தில் வாயே திறக்காத பிள்ளை எந்த நாளில் தானாகக் கேள்வி கேட்டாள் என்பவை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. தொடக்கப் பள்ளியில் நடக்கும் உண்மையான சாதனைகள் இவைதாம். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு பக்கம் எழுதி வாங்கி, ஓரத்தில் தேதியைக் குழந்தையையே எழுதச் சொல்லி, உறையில் போட்டு வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன்பின் மாதம் ஒரு தாள் சேர்ந்தால் போதும். வசதி இருந்தால், ஒரே பத்தியை ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வாசிக்கச் செய்து ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம்.

என் வகுப்பில் இருந்த ஒரு சிறுமி முதல் வாரத் தாளில் மழையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தாள். இரண்டு இடத்திலும் ‘மளை’ என்றே எழுதி, எழுத்துகள் கோட்டை விட்டு மேலே ஏறிக் கிடந்தன. கடைசி மாதத்தில் அதே தலைப்பில் அவள் ஒரு பக்கம் எழுதியபின் இரண்டு தாள்களையும் அவள் முன் வைத்தேன். “இது நான் எழுதினதா டீச்சர்?” என்று கேட்டுவிட்டுப் பழைய தாளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலை எடுத்து, ஒன்றும் சொல்லாமல், அந்த இரண்டு ‘ள’வையும் ‘ழ’ ஆக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். எந்த மேடையிலும் எந்தப் பரிசும் அந்தப் பார்வையைக் குழந்தையின் முகத்தில் வரவழைத்து நான் பார்த்ததில்லை.

கண்காட்சியில் நடக்கும் தவறும் இதோடு சேர்ந்ததே. சுவரில் ஒட்டியிருக்கும் முப்பது வண்ணத்துப்பூச்சிகளும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே வெட்டில் இருந்தால் அவற்றில் குழந்தைகளின் கை எவ்வளவு பட்டிருக்கும் என்பதை எந்தப் பெற்றோரும் எளிதில் ஊகித்துவிடுவார்கள். ஆசிரியர் வெட்டிக் கொடுத்து, ஆசிரியரே பிசிறு நீக்கி, பிழை இருந்த தாளை மறுபடி எழுத வைத்து ஒட்டும்போது, ‘நீ செய்தது பார்வைக்கு வைக்கத் தகுந்ததல்ல’ என்ற செய்தியைத்தான் குழந்தை பெறுகிறது. எதைக் காட்டுவது என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்பதை ஒரு வரியில் அவளே எழுதி அருகில் ஒட்டட்டும். தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு கூறுகிறது. தன் படைப்பில் எது சுவரேற வேண்டும் என்பதில்கூடக் கேட்கப்படாத பிள்ளைக்கு அந்த உரிமை வேறு எங்கே கிடைக்கும்?

பரிசுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். முதல் மூன்று இடங்கள் என்று வைத்துவிட்டால் ஆண்டுதோறும் அதே மூன்று நான்கு பிள்ளைகள் மேடை ஏறுவதும் மற்றவர்கள் கைதட்டுவதும் வழக்கமாகிவிடுகிறது. ஏழு வயதில் ‘நான் கைதட்டும் வரிசையைச் சேர்ந்தவன்’ என்று ஒரு பையன் முடிவு செய்துகொண்டால் அந்த முடிவை அழிக்கப் பல ஆண்டுகள் ஆகும். வாசிப்பு, ஓவியம் போன்று குழந்தைகள் தாமாகவே விரும்பிச் செய்யும் காரியங்களுக்கு முன்கூட்டியே பரிசு அறிவிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஓவியம் வரைய விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லப்பட்டது. ஓரிரு வாரங்களுக்குப் பின் பரிசு எதுவும் இல்லாத வேளையில் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு காணப்படவில்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். ஆகவே பாராட்டுவது தவறாகாது. நூறு புத்தகம் படித்தால் பதக்கம் என்று முதல் நாளிலேயே பேரம் பேசுவதுதான் தவறு.

முழு வருகைக்கான பரிசை நான் அடியோடு விட்டுவிடச் சொல்வேன். சிறு குழந்தை பள்ளிக்கு வராமல் போவதற்குக் காய்ச்சலோ குடும்பச் சூழலோதான் பெரும்பாலும் காரணம். அதற்குக் குழந்தை பொறுப்பாகாது. அந்தப் பரிசுக்காக உடம்பு சுடும் பிள்ளையை அனுப்பிவைத்த வீடுகளை நான் அறிவேன். கலிபோர்னியாவில் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளைச் சேர்ந்த 15,329 மாணவர்களைக் கொண்டு கார்லி ராபின்சன் குழுவினர் நடத்திய ஆய்வில், ஒரு மாத முழு வருகைக்காகப் பின்னர் விருது பெற்ற மாணவர்கள் அடுத்த மாதத்தில் விருது பெறாதவர்களைவிட அதிகமாக விடுப்பு எடுத்தார்கள். மற்றவர்களைவிடத் தாம் கூடுதலாகவே வந்துவிட்டோம் என்ற எண்ணத்தை விருது உண்டாக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கூறும் விளக்கம். அது மேல் வகுப்புகளில் நடந்த ஆய்வுதான். எனினும் தொடக்கப் பள்ளியில் மட்டும் அந்த விருது நன்மை தரும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

இந்தச் சங்கடங்களிலிருந்து தப்ப நினைக்கும் பள்ளிகள் நேர் எதிர்த் தவறில் விழுகின்றன. எல்லோருக்கும் ஒரே வாசகத்தோடு சான்றிதழ் அச்சடித்து, பெயரை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவனுடைய தாளிலும் ‘சிறந்த மாணவர்’ என்றே இருப்பதைப் பார்க்க ஒரு குழந்தைக்குப் பத்து நொடி போதும். எல்லோரையும் பாராட்டுவது சரியே. ஆனால் ஒவ்வொருவருக்கும் அவரவருக்கே பொருந்தும் ஒரு வாக்கியமாவது வேண்டும். ‘பெருக்கல் வாய்பாட்டை மூன்று முறை மறந்தும் விடாமல் நான்காவது முறை முழுதாகச் சொன்னதற்காக’, ‘புதிதாகச் சேர்ந்த தோழிக்கு முதல் வாரம் முழுவதும் பள்ளியைச் சுற்றிக் காட்டியதற்காக’ என்று எழுதிப் பாருங்கள். முப்பது வாக்கியங்கள் எழுத ஒரு மாலைப் பொழுது ஆகும். எந்தக் குழந்தைக்காவது எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால், அந்த ஆண்டு நாம் அந்தக் குழந்தையைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள். மிஞ்சியிருக்கும் நாட்களிலாவது பார்க்க வேண்டும். அந்த வாக்கியங்களில் ‘கெட்டிக்காரி’, ‘பிறவி மேதை’ போன்ற சொற்களைத் தவிர்ப்பது நல்லது. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், அறிவுக்காகப் பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றதும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட விரைவாக ஊக்கம் இழந்தார்கள்.

முன்னேற்ற அறிக்கையில் ‘நன்று’, ‘இன்னும் முயல வேண்டும்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. எதை முயல வேண்டும் என்பதைச் சொல்லாத அறிவுரையை வைத்துக்கொண்டு பெற்றோர் என்ன செய்வார்கள்? மதிப்பெண்ணும் குறிப்பும் ஒரே தாளில் இருந்தால் கண் மதிப்பெண்ணிலேயே நின்றுவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்களுக்குக் கற்றலில் ஆர்வம் நிலைத்தது. மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் பெரும்பாலும் கிட்டவில்லை. மதிப்பெண் தாளைத் தராமல் இருக்க முடியாத பள்ளிகள் குறிப்புத் தாளை இரண்டு நாள் முன்னதாகக் கொடுத்து, அதைப் பற்றிக் குழந்தையோடும் பெற்றோரோடும் பேசிவிடலாம்.

ஆண்டு விழா மேடைக்கு வருவோம். ஒரு முறை மூன்று வார ஒத்திகைக்குப் பின் ஒரு பையன் மரமாக நின்றான். இரண்டு கைகளையும் உயர்த்தி, கடைசி வரிசையில், திரையின் மடிப்புக்குப் பின்னால் நின்றதால் அவன் அம்மாவுக்கு அவனுடைய விரல்கள் மட்டுமே தெரிந்தன. அந்த இடத்தில் அவனை நிறுத்தியது நான்தான். எல்லோரையும் மேடையேற்றிவிட்டோம் என்று கணக்குக் காட்டுவது வேறு, ஒவ்வொருவருக்கும் ஒரு சொல்லோ ஓர் அசைவோ கொடுப்பது வேறு என்பதை அன்று கற்றேன். நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, வகுப்பில் கற்ற பாடல், சொன்ன கதை, செய்த சோதனை ஆகியவற்றையே மேடைக்குக் கொண்டுவந்தால் ஒத்திகை பாடவேளைகளைத் தின்னாது. பெற்றோருக்கு ஒருநாள் உடைக்கான செலவும் மிஞ்சும். பேச்சாளர்களுக்குக் குழந்தைகள் வெயிலில் காத்திருக்கும் ஏற்பாட்டை எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது. பேச்சுகளைப் பத்து நிமிடத்துக்குள் அடக்கி, சிறிய வகுப்புகளை முதலில் மேடையேற்றி, முடித்தவர்களைப் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இரைச்சலைத் தாங்க முடியாத பிள்ளைகளுக்கு மேடையிலிருந்து தள்ளி ஓர் அமைதியான அறை இருக்கட்டும். நிழற்படங்களைப் பொதுவெளியில் பகிரும் முன் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலைப் பெற்றுவிட வேண்டும். பெயர் வாசிப்பவர் முந்தைய நாளே பட்டியலைக் குழந்தைகளிடம் சத்தமாக வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். தன் பெயர் தவறாக ஒலிப்பதைக் கேட்டு எழலாமா வேண்டாமா என்று தயங்கி நின்ற பிள்ளையைப் பார்த்தவர்கள் இதைச் சிறிய விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

தொடக்கப் பள்ளியை விட்டுப் போகும் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரியாவிடை நடத்துகிறோம். ஆனால் போகிற இடத்தைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறோம். புதிய பள்ளியில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார், கட்டடம் பெரிது, தெரிந்த முகங்கள் குறைவு என்ற அச்சங்களை அவர்கள் வெளியே சொல்வதில்லை. சென்ற ஆண்டு அங்கே சேர்ந்த இரண்டு மூத்த மாணவர்களை ஒரு பிற்பகல் வரவழைத்து, ஆசிரியர்கள் விலகி நின்று, பிள்ளைகள் கேட்க விரும்பியதைக் கேட்க விட்டாலே பெரும் பாரம் இறங்கிவிடும்.

கடைசி நாளில் நடக்கும் தவறு பலருக்குத் தவறாகவே தெரிவதில்லை. அலமாரியைக் காலி செய்யும் அவசரத்தில் குழந்தைகளின் தாள்கள் பழைய காகிதக் கட்டோடு சேர்ந்து போய்விடுகின்றன. உறைகளை அவரவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அதற்கு முன் ஒவ்வொன்றிலிருந்தும் கடைசி மாதத் தாளை மட்டும் எடுத்து, பின்பக்கத்தில் ‘துணையெழுத்து இன்னும் தடுமாறுகிறது’, ‘முன் வரிசையில் உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கிறாள்’ என்பது போன்ற இரண்டு வரிகளை எழுதி, அடுத்த வகுப்பு ஆசிரியரின் கையில் நேரில் கொடுத்துவிடுங்கள். பள்ளி மீண்டும் திறக்கும் நாளில் அவருடைய முதல் தாளாக அது இருக்கும்.