ஒரு நாள் கார்ப் பயணம்: திட்டம் தவறினால் செய்ய வேண்டியவை

காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பும் பயணத்துக்கு யாரும் பெரிதாக ஆயத்தம் செய்வதில்லை. ஆனால் பல நாள் பயணத்தில் வீணான ஒரு பகலை மறுநாள் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஒரு நாள் பயணத்திலோ இரண்டு மணி நேரத் தாமதமே மொத்தத் திட்டத்தையும் குலைத்துவிடும். ஆகவே, இத்தகைய பயணத்தில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது திரும்பிப் புறப்படும் நேரம்தான். ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் என்று கைப்பேசி வரைபடம் காட்டினால், ஓய்வுக்கும் நெரிசலுக்கும் அரை மணி நேரம் சேர்த்து மூன்று மணி நேரமாகக் கொள்ளுங்கள். 6 மணிக்கு இருட்டிவிடும், இருட்டில் பழக்கமில்லாத சாலையில் ஓட்ட விருப்பமில்லை என்றால், 3 மணிக்கு வண்டி வீட்டை நோக்கித் திரும்பியாக வேண்டும். அந்த நேரத்தைப் புறப்படும் முன்பே வண்டியில் வரும் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே சொல்லாத நேரத்தை வழியில் வலியுறுத்தினால் அது வாக்குவாதத்தில் போய் முடியும்.

அடுத்தது ஸ்டெப்னி, அதாவது டிக்கியில் வைத்திருக்கும் மாற்றுச் சக்கரம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் போன பயணத்தில் பின்சக்கரம் பஞ்சராயிற்று. டிக்கியிலிருந்த பைகளையெல்லாம் சாலையோரத்தில் இறக்கி, தரைவிரிப்பை உரித்து, ஸ்டெப்னியை வெளியே எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபோது டயர் மெத்தென்று உள்ளே போயிற்று. வாங்கிய நாளிலிருந்து அதற்கு நான் காற்று பிடித்ததே இல்லை. அன்று பகல் முழுவதும் உதவிக்காகக் காத்திருப்பதிலேயே கழிந்தது. அன்று முதல், மற்ற நான்கு சக்கரங்களுக்குக் காற்று பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஐந்தாவதையும் பார்க்கிறேன். உங்கள் வண்டியில் இருப்பது ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால், அதற்குப் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று தேவைப்படும், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் அதில் ஓட்டக் கூடாது என்று அதன் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். சில புதிய வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாது; ஓட்டையை அடைக்கும் திரவமும் சிறிய காற்றுப் பம்பும் மட்டுமே இருக்கும். அந்தத் திரவம் ஆணி குத்திய சிறு துளைக்கு உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. இவற்றில் எது உங்களிடம் இருக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஓடும்போது டயர் காற்றிழந்தால், பிரேக்கைத் திடீரென்று மிதிக்காமல், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகத்தைத் தானாகக் குறைய விடுங்கள். வளைவில் நிறுத்தாதீர்கள், ரிம் கெட்டாலும் பரவாயில்லை, பின்னால் வருபவர்களுக்குத் தொலைவிலிருந்தே தெரியக்கூடிய சமதளமான இடம் வரை மெதுவாக உருட்டிச் செல்லுங்கள். நான்கு இண்டிகேட்டர்களும் சேர்ந்து மின்னும் அபாய விளக்கைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எல்லோரையும் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மாற்றப்போகும் சக்கரத்துக்கு மூலைக்கு மூலை எதிரே உள்ள சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கும் முன்பே, சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே, நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் சக்கரம் சுழலும், வண்டியும் ஜாக்கியிலிருந்து நழுவக்கூடும். வண்டி ஜாக்கியின் மேல் நிற்கும்போது உடலின் எந்தப் பகுதியும் அதன் அடியில் போகக் கூடாது. புதிய சக்கரத்தின் நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மாற்றி மாற்றி முடுக்கி, வண்டியை இறக்கிய பிறகே முழு பலத்தோடு இறுக்குங்கள். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, மீண்டும் ஒரு முறை இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நெருங்கினால், முதலில் ஏசியை அணைத்து ஹீட்டரை முழு அளவில் திறந்துவிடுங்கள். அது எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதியை வெளியேற்றும். வண்டிக்குள் புழுங்கினாலும் பாதுகாப்பான இடம் வரை செல்ல அது உதவும். நிறுத்திய பிறகு அரை மணி நேரமாவது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர், சாதாரணக் கொதிநிலையான 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த கணமே அது பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

பிரச்சினை தீர்ந்து வண்டி மீண்டும் ஓடத் தொடங்கும் அந்த நேரம்தான் உண்மையில் ஆபத்தானது என்று கருதுகிறேன். இழந்த நேரத்தை வேகத்தால் மீட்டுவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் எழுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மீதமுள்ள 40 கிலோமீட்டரை 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 30 நிமிடம் ஆகும்; 100 கிலோமீட்டர் வேகத்தில் 24 நிமிடம். மிச்சமாவது ஆறே நிமிடம். ஆனால் பிரேக் போட்டபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. எனவே வேகத்தைக் கூட்டாமல், பார்க்க நினைத்த இடங்களில் ஒன்றைக் கைவிடுங்கள். எதைக் கைவிடுவது என்பதை வீட்டிலேயே தீர்மானித்திருந்தால், ஏமாற்றத்தில் இருக்கும் பிள்ளைகளோடு சாலையோரத்தில் விவாதிக்க நேராது.

சாலை மூடப்பட்டிருந்தால் மாற்று வழி தேட வேண்டியிருக்கும். சிக்னல் இல்லாத இடத்துக்காக வரைபடத்தை முன்பே கைப்பேசியில் இறக்கி வையுங்கள். இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைக் கொண்டே அறிவதால், இணையம் இல்லாமலும் அது வேலை செய்யும். குறுக்கே வெள்ளம் ஓடும் சாலையை மட்டும் கடக்க முயலாதீர்கள். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் நீர் சிறிய கார்களை மிதக்கச் செய்யும். 60 சென்டிமீட்டர் நீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் சென்றுவிடும்.

திரும்பும் வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 15 நிமிடம் நிறுத்துங்கள். வெயிலில் நின்று டயர் மாற்றியவர் மற்றவர்களைவிடக் களைத்திருப்பார். வேறு யாருக்காவது ஓட்டத் தெரிந்தால் சாவியை அவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. தூக்கம் கண்ணைச் சுழற்றினால் சன்னலைத் திறப்பதும் பாட்டு வைப்பதும் பயன் தராது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் உறங்குங்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே பஞ்சரான டயரைப் பழுது பார்த்து மாட்டிவிட்டு, ஸ்டெப்னியின் காற்றைச் சரிபார்த்து டிக்கியில் திரும்ப வையுங்கள். ஜாக்கியையும் ஸ்பானரையும் துடைத்து அவற்றுக்குரிய இடத்தில் வைத்து, டார்ச்சின் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.